காய்க்காத அத்தியும் மெலிந்த கோழியும்

வீட்டுக் கொல்லையில் மேயும் பெட்டைக்கோழி ஒன்று மெலிந்து, கொண்டை வெளுத்து, முட்டையிடுவதையும் நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதனைத் தேற்றி எடுப்பதா, அறுத்துக் குழம்பு வைப்பதா? அறநெறிச் சிந்தனைக்கு இது மிகச் சிறிய பொருள் என்று சிலருக்குத் தோன்றலாம். பெரிய அறங்களைப் பற்றி மேடையில் பேசுவது எளிது. யாரும் பாராத கொல்லைப்புறத்தில், நமக்கு எதிர்த்து நின்று நியாயம் கேட்க வாயில்லாத ஓர் உயிரிடத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் நம்முடைய அறம் உண்மையில் எடை போடப்படுகிறது.

செட்டிநாடு என்றதும் வெளியுலகம் நினைப்பது மிளகும் சோம்பும் மணக்கும் கோழி வறுவலை. ஆனால் காளையார்கோவில், தேவகோட்டை, இளையான்குடி, சிங்கம்புணரி வட்டாரங்களின் சிற்றூர்களில் வாழும் ஏழைப் பெண்களுக்குக் கோழி என்பது வறுவல் அன்று. அது ஓர் உண்டியல். கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் கருவேலமரத்துக் கரிமூட்டம் என்று வானம் பார்த்து வாழும் பூமி இது. இங்கே பள்ளிக் கட்டணத்துக்கும், மருந்துச் செலவுக்கும், திருவிழாப் புதுத்துணிக்கும் அவசரத்தில் கை கொடுப்பது பஞ்சாரத்துக்குள் இருக்கும் அந்த ஐந்தாறு கோழிகளே. நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகள் இடும். மூன்று நான்கு முறை அடைகாக்கும். 21 நாள்களில் குஞ்சு பொரிக்கும். பண்ணைக்கோழியின் கணக்கோடு ஒப்பிட்டால் இது சொற்பமே. ஆயினும் தவிட்டையும் குப்பையையும் கிளறித் தின்று, தன் இரையைத் தானே தேடிக்கொண்டு, வீட்டுக்காரிக்கு ஒரு செல்வத்தை ஆக்கித் தருகிற உயிர் வேறு எது?

கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் காரணம்

அத்தகைய கோழி மெலிகிறபோது பெரும்பாலும் என்ன நடக்கிறது? "வயசாகிவிட்டது", "தின்னும் தீனிக்குத் தேறாது", "இனி இது உதவாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஆனால் பல வேளைகளில் குற்றம் கோழியினுடையது அன்று. அதை அடைத்துவைக்கும் கூட்டினுடையது.

ஊருக்கு ஊர் செள்ளு, கோழிப்பேன், உண்ணி என்று பெயர் மாறும் ஒரு சிற்றுயிர் இருக்கிறது. பேனுக்கு ஆறு கால். இதற்கு எட்டுக் கால். அளவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இவற்றுள் ஒரு வகை பறவையின் உடலிலேயே, எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள சிறகுகளுக்குள் குடியிருக்கும். இன்னொரு வகையோ பகல் முழுவதும் கூட்டின் மரச்சட்ட இடுக்குகளிலும் சுவர் வெடிப்புகளிலும் ஒளிந்திருந்து, இருட்டியபின் வெளியே வந்து, உறங்கும் கோழியின் இரத்தத்தை உறிஞ்சிவிட்டு, விடியுமுன் மீண்டும் இடுக்குக்குள் புகுந்துகொள்ளும். பசித்திருக்கையில் சாம்பல் நிறம், குடித்தபின் செந்நிறம். வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி வரை ஏறத்தாழ ஒரே வாரம்தான். இரையின்றியே வாரக்கணக்கில், குளிர்ந்த இடங்களில் மாதக்கணக்கிலும்கூட, உயிர் தாங்கும். பகலில் கோழியைத் தூக்கிப் பார்க்கும் வீட்டுக்காரரின் கண்ணுக்கு இந்த இரண்டாம் வகை தென்படுவதேயில்லை.

ஆகவே கோழி அந்தியில் கூடடைய மறுக்கிறது; மரக்கிளையைத் தேடுகிறது. நாம் அதனைப் பிடிவாதம் என்கிறோம். அடைகோழி முட்டைகளை விட்டு எழுந்து ஓடுகிறது. நாம் அதனைத் தாய்மையற்றது என்கிறோம். முட்டையிடுவது நிற்கிறது. நாம் அதனைச் சோம்பல் என்கிறோம். உண்மையில் அந்த உயிர் ஒவ்வோர் இரவும் துளித்துளியாக இரத்தம் இழந்துகொண்டிருக்கிறது. இதை அறிய வேண்டுமானால் இரவில் விளக்கை ஏந்திச் சென்று கூட்டைத்தான் சோதிக்க வேண்டும். கோழி தவறு செய்கிறது என்று பகலில் முடிவு கட்டிய மனிதன், கூட்டில் இருந்த குறையை இரவில் கண்டுகொள்கிறான்.

பிறருடைய தளர்ச்சியை நாம் எத்தனை விரைவில் அவர்களது குணக்குறையாக மாற்றிவிடுகிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தோட்டக்காரரின் வேண்டுதல்

லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமை ஒன்று உண்டு. திராட்சைத் தோட்டத்தில் நின்ற அத்திமரம் மூன்று ஆண்டுகளாகக் காய்க்கவில்லை. நிலத்துக்குப் பாரமாய் இருப்பதேன், வெட்டிவிடு என்கிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். இவ்வுவமையைக் கேட்கும்போதெல்லாம் நாம் பொறுமையைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் தோட்டக்காரர் வெறும் பொறுமையை வேண்டவில்லை. சுற்றிலும் கொத்தி எருப்போடுவதாக அவர் வாக்களிக்கிறார். அதாவது, மரம் காய்க்காததற்கான காரணம் மரத்தில் மட்டுமன்று, அது நிற்கும் மண்ணிலும் இருக்கக்கூடும் என்று அவர் கருதுகிறார். அந்த மண்ணைச் சீர்செய்யும் உழைப்பைத் தம் தோள்மேல் ஏற்றுக்கொள்கிறார். உழைப்பில்லாத பொறுமை கைகட்டி நிற்பதாகும். அதற்கு இரக்கம் என்று பெயரிட முடியாது. அதே வேளையில் அந்தத் தவணைக்கு ஓர் எல்லையையும் அவரே குறிப்பிடுகிறார். அதன் பின்னும் காய்க்காவிடில் வெட்டலாம் என ஒப்புக்கொள்கிறார். ஆதலால் இது கண்மூடித்தனமான கனிவு அன்று. காரணம் அறிந்து, கைவேலை செய்து, விளைவுக்காகக் காத்திருக்கும் நேர்மை.

மெலிந்த கோழிக்கும் இந்த ஒழுங்கே பொருந்தும். முதலில் கூடு. பழைய வைக்கோலையும் குப்பையையும் வாரி வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். சட்டங்களைச் சுரண்டி, வெடிப்புகளை அடைத்து, சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஒருமுறை செய்துவிட்டு ஓய்ந்தால் பயனில்லை. தப்பிய முட்டைகள் பொரித்துவிடும் என்பதால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து மீண்டும் செய்ய வேண்டும். மருந்து தேவைப்பட்டால் அதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே இட வேண்டும். எத்தனை நாள் முட்டையை உண்ணலாகாது என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். கோழி தானே புழுதியில் புரண்டு தன்னைத் துப்புரவு செய்துகொள்ள, உலர்ந்த மண்ணும் சாம்பலும் கலந்த ஒரு பள்ளம் வேண்டும்.

அதன் பின்னரே தீனி. இரத்தம் இழந்த உயிருக்கு ஒரே நாளில் வயிறு புடைக்கக் கொட்டினால் அது தேறிவிடாது. சிறிது சிறிதாக, பல வேளையாக, கம்போ சோளமோ நனைத்த தவிடோ கொடுக்க வேண்டும். அதனுடன் கடலைப் பிண்ணாக்கும் முருங்கைக் கீரையும் சேரவேண்டும். நம் முன்னோர் ஒரு வழி வைத்திருந்தனர். பழைய மண்பானையில் காய்ந்த சாணத்தையும் வைக்கோலையும் கந்தல் சாக்கையும் திணித்து, நீர் தெளித்து, மாலையில் தரைமேல் கவிழ்த்து வைப்பர். காலையில் பானை நிறையக் கரையான். காசில்லாத புரதம் அது. கோழியின் இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ ஒரு மாத காலமே வாழ்பவை. எனவே இழந்த இரத்தம் ஊறி, கொண்டை மீண்டும் சிவக்க வாரங்கள் ஆகும். கத்திபோல் துருத்திய நெஞ்செலும்பின்மேல் சதை மூட இன்னும் சில வாரங்கள். முட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும். உடல் தன் தேவையை நிறைவு செய்துகொண்ட பிறகே பிறருக்குக் கொடுக்கத் தொடங்குகிறது. தேறிவரும் கோழியின் அடியில் முட்டையைத் தேடித் தினந்தோறும் கைவிட்டுப் பார்ப்பவர், அதைத் தேற்றவில்லை, அவசரப்படுத்துகிறார்.

வள்ளன்மையும் பராமரிப்பும்

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் பறம்புமலை, இன்றைய பிரான்மலையாக நம் சிவகங்கை மாவட்டத்திலேயே நிற்கிறது. மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணிப் போர்வை அளித்த பேகனின் கதையையும் நாம் அறிவோம். அவர்கள் உள்ளத்தின் ஈரத்தை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. வாயில்லா உயிருக்கும் நம்மிடத்தில் உரிமை உண்டு என்பதைத் தமிழுலகுக்குக் காட்டியவர்கள் அவர்கள். ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் கருதவேண்டும். தேரையும் போர்வையையும் ஒரு நொடியின் நெகிழ்ச்சியில் கொடுத்துவிடலாம். மெலிந்த உயிரைத் தேற்றுவது ஒரு நொடியில் முடிவதில்லை. அதற்கு வேண்டுவன அந்த உயிருக்கு என்ன குறை என்ற அறிவும், நாற்பது நாள் சலிக்காத கையும்.

நல்ல சமாரியர் உவமையிலும் இதைக் காணலாம். சாலையோரத்தில் காயங்களைக் கட்டி, எண்ணெயும் மதுவும் வார்த்த பகுதியே நம் நினைவில் நிற்கிறது. ஆனால் அவர் காயமுற்றவரைச் சாவடிக்குக் கொண்டுபோய், காசு கொடுத்து, மேற்செலவையும் தாம் ஏற்பதாகச் சொல்லி, திரும்பி வருவதாகவும் வாக்களித்தாரே, அது உவமையின் மறுபாதி. காப்பாற்றுவது ஒரு செயல். தேற்றுவது ஒரு காலம். முதலாவதைச் செய்வோருக்குப் பாராட்டுக் கிடைக்கிறது. இரண்டாவதைச் செய்த சாவடிக்காரரின் பெயரைக்கூட யாரும் கேட்பதில்லை.

மூன்று மறுப்புகள்

இங்கே சில நியாயமான மறுப்புகள் எழும். அவற்றைத் தட்டிக் கழிப்பது நேர்மையாகாது.

முதல் மறுப்பு: நாளை அறுத்து உண்ணப்போகும் கோழிக்கு இன்று பரிவு காட்டுவது போலித்தனம் அல்லவா? நம் மண்ணில், ஓரியூரில், 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் இரத்தம் சிந்திய புனித அருளானந்தர் புலால் நீத்து வாழ்ந்தார். இந்நாட்டுத் துறவியரைப் போல வாழ்ந்து மக்களை அணுகுவதற்காகவே அவர் அதை மேற்கொண்டார். திருச்சபை புலால் உண்ணாமையைப் பொதுக் கட்டளையாக விதிக்கவில்லை. ஆனால் உண்ணும் உரிமை, வதைக்கும் உரிமை ஆகிவிடாது. இணைச்சட்ட நூல், போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது என்கிறது. அந்த மாடு என்றைக்கேனும் அறுக்கப்படுமா என்று அது கேட்கவில்லை. அது உழைக்கும் நாளில் அதற்குரியதைக் கொடு என்பதே சட்டம். ஓர் உயிரின் முடிவு நம் கையில் இருக்கிறது என்பது, அதன் வாழ்நாளும் நம் பொறுப்பில் இருக்கிறது என்பதற்கான காரணமே அன்றி, அப்பொறுப்பிலிருந்து விடுதலை அன்று. சாகப்போகிறவர் என்பதற்காக நோயாளிக்கு நாம் கஞ்சி கொடுக்காமல் இருக்கிறோமா?

இரண்டாம் மறுப்பு: செள்ளும் இறைவனின் படைப்புத்தானே, அதை மட்டும் ஏன் கொல்ல வேண்டும்? உயிர்களின் பராமரிப்பு மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றைக் காக்க மற்றொன்றைத் தடுக்க வேண்டிய நிலை அப்பொறுப்பில் தவிர்க்க இயலாதது. ஆனால் அந்த வேலையிலும் அளவு உண்டு. 2017-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் நடந்ததை எண்ணிப் பார்ப்போம். பெரும் முட்டைப் பண்ணைகளில் இதே செள்ளை விரைந்து ஒழிப்பதற்காக, உணவுக்குரிய விலங்குகளிடத்தில் அங்கே தடைசெய்யப்பட்டிருந்த ஃபிப்ரோனில் என்ற நஞ்சு கலந்த மருந்து தெளிக்கப்பட்டது. நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி முதலிய நாடுகளில் இலட்சக்கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து அகற்றி அழிக்கப்பட்டன. கோழிகளும் பெருந்தொகையாய் அழிக்கப்பட்டன. கூட்டைச் சுரண்டும் பொறுமை இல்லாதபோது மருந்தே நோயாகிவிடுகிறது.

மூன்றாம் மறுப்பே கனமானது: மனிதர் பசித்திருக்கையில் கோழிக்குச் செலவா? 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இக்கேள்வியை நேரடியாகவே எதிர்கொள்கிறது. விலங்குகளைத் தேவையின்றி வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானவை என்று கூறும் அவ்வேடு, அடுத்தபடியாக, மனிதரின் துயர் துடைக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளின் மேல் செலவிடுவதும் தகாது என்கிறது. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் ஏற்பவரே திருச்சபையின் மனத்தைப் புரிந்துகொண்டவர். நகரத்துச் செல்வந்தர் வளர்ப்பு நாய்க்குச் செய்யும் ஆடம்பரத்துக்கு இந்த எச்சரிக்கை பொருந்தும். கொல்லைக்கோழிக்கு வேண்டியவையோ சாம்பல், சுண்ணாம்பு, கரையான் பானை, ஒரு மாதக் கவனம். இவை ஏழையின் சோற்றைப் பறிப்பவை அல்ல. அந்தக் கோழியே ஏழையின் உடைமை. அதைத் தேற்றுவது ஏழையைத் தாங்குவதே. செட்டிநாட்டிலுள்ள அரசின் கால்நடைப் பண்ணையும் குன்றக்குடியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையமும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அவற்றின் வாயிலை ஏழைப்பெண்ணுக்குக் காட்டிவிடுவதும் ஓர் இரக்கச் செயலே.

வெளுத்த முகங்கள்

ஆயினும் அந்த எச்சரிக்கையின் முழுப் பாரமும் இன்னும் இறங்கிவிடவில்லை. நம் வீடுகளை நோக்கி அது வேறொரு கேள்வியை எழுப்புகிறது.

விலங்குகளிடம் இரக்கம் பழகுகிறவன் மனிதரிடத்தும் இரக்கமுள்ளவனாவான் என்பது புனித தாமஸ் அக்குவினாஸ் காட்டிய காரணம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லௌதாத்தோ சீ' திருமடல் ஒரு படி மேலே சென்று, ஒவ்வோர் உயிரும் நம் பயன்பாட்டுக்கு அப்பால் இறைவன் முன்னிலையில் தனக்கென ஒரு மதிப்பு உடையது எனக் கற்பிக்கிறது. இரண்டும் உண்மையே. ஆனால் அக்குவினாஸ் கூறும் அந்தப் பழக்கம் தானாக விளைந்துவிடுமா?

2019 – 21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தச்சோகை உடையவர்கள். அந்தக் கோழியை வளர்ப்பவளும் அவர்களுள் ஒருத்தியாக இருக்கக்கூடும். அவள் வளர்த்த கோழியின் முட்டை கணவருக்குப் போகிறது, பிள்ளைகளுக்குப் போகிறது, எஞ்சியது சந்தைக்குப் போகிறது. கோழியின் கொண்டை வெளுத்ததை வீட்டார் அனைவரும் கவனித்தார்கள், ஏனெனில் முட்டை நின்றுபோயிற்று. அவளுடைய கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருப்பதை யார் கவனித்தார்கள்? அவள் வேலையை நிறுத்தவில்லையே! நிறுத்திய அன்று, அவளுக்கும் அதே தீர்ப்புத்தானே காத்திருக்கிறது: சோம்பல், பிடிவாதம், மெத்தனம்? பேறுகாலம் முடிந்த மகளை, காய்ச்சலில் விழுந்து எழுந்த மருமகளை, அறுவை முடிந்து வந்த மாமியாரை எத்தனை நாளில் அடுப்படிக்கு அழைக்கிறோம்? கொண்டை சிவக்குமுன் முட்டையைத் தேடிக் கைநீட்டும் அவசரம் அங்கும் இல்லையா?

எனவே கோழிக்குக் காட்டும் கவனம் இருவகைப்படும். முட்டைக்காகக் கோழியைப் பார்ப்பது ஒன்று. அந்தக் கண், முட்டை வரும்வரை திறந்திருக்கும். பயன் தராத இடத்தில் மூடிக்கொள்ளும். அது எந்நாளும் மனிதரிடத்து இரக்கமாக மாறாது. மெலிந்திருக்கிறதே என்பதற்காக அதைப் பார்ப்பது மற்றொன்று. அந்தக் கண் வீட்டுக்குள்ளும் பார்க்கும். தளர்ந்தவரைக் குறை கூறுமுன் அவர் இரத்தத்தை எது உறிஞ்சுகிறது என்று கேட்கும். அது கந்துவட்டியா, குடியா, ஓயாத வேலையா, ஒரு நல்ல சொல்லும் கேளாத தனிமையா என்று தேடும். பகலில் தெரியாததை விளக்கேற்றித் தேடும்.

கோழி தன் குஞ்சுகளைச் சிறகுகளுக்குள் கூட்டிச் சேர்ப்பதைத் தம் அன்புக்கு உவமையாக எடுத்துக்கொண்டவர் நம் ஆண்டவர். எருசலேமின்மேல் கழுகு வட்டமிடுவதையோ சிங்கம் காவல் நிற்பதையோ அவர் சொல்லவில்லை. எந்தக் குடிசையின் கொல்லையிலும் காணக்கூடிய பறவையைச் சொன்னார். அவர் தம் உவமைக்குத் தேர்ந்த பறவையை நாம் எச்சில் பருக்கையோடு மறந்துவிடுவது அழகா?

நம் அன்பியக் கூட்டங்களில் இறைவார்த்தையைப் பகிர்ந்தபின், நம் தெருவில் தளர்ந்திருப்பவர் யார் என்று கேட்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதனோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம்: அவர் தளர்ந்ததற்கு அவர் தங்கியிருக்கும் கூட்டில் என்ன குறை? இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடும்போது நமக்கு வேலை வந்துசேரும். கொத்தவும், எருப்போடவும், சுரண்டவும், சுண்ணாம்பு அடிக்கவும், வாரக்கணக்கில் காத்திருக்கவும் நேரும். தோட்டக்காரர் ஓராண்டு கேட்டது இதற்காகத்தான்.